மூலப்பத்திரத்தில் கைவைக்காத மருந்து

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து, பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் ஒரு டீச்சர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தைத் தருகிறேன்.

சொந்த மாமா மகனைக் கட்டிக்கொண்டவர். 2022ல் திருமணம். மகளுக்கு இப்போது 17 மாதம், 9 கிலோ. உட்கார வைத்தால் உட்காருகிறாள். தவழவில்லை, பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்ற பேச்சிலேயே ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் இரத்தப் பரிசோதனை செய்து, தண்டுவடத் தசைச் சிதைவு, அதாவது எஸ்எம்ஏ என்று சொல்லியிருக்கிறார்கள். எஸ்எம்என்1 என்ற மரபணுவில் ஏழாவது, எட்டாவது எக்ஸான்கள், அதாவது மரபணுவின் துண்டுகள், இரண்டு காப்பியிலுமே இல்லை. அதன் ஜோடி போன்ற எஸ்எம்என்2 மரபணு மூன்று காப்பி இருக்கிறது. இதுதான் ரிப்போர்ட். அம்மா, அப்பா இருவரையும் சோதித்ததில் இருவரிடமும் எஸ்எம்என்1 இரண்டுக்குப் பதில் ஒரு காப்பிதான்.

மருத்துவர் தினமும் வாயில் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் சிரப்பைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ஆர்என்ஏ மருந்து என்றால் பிள்ளையின் ஜீனையே மாற்றிவிடும், நாளைக்கு அவள் பெறும் பிள்ளைக்கும் போகும்" என்று கணவர் பயப்படுகிறார். அத்தையோ, "2021ல் நீ போட்டுக்கொண்ட அந்த எம்ஆர்என்ஏ ஊசிதான் காரணம்" என்கிறார். அண்ணன் ஒருவர் 16 கோடி ரூபாய் ஊசிக்கு ஆன்லைனில் நிதி திரட்ட ஆரம்பித்துவிட்டார். நாலு லட்சம் சேர்ந்திருக்கிறது. ஒரே ஊசியில் முடிகிற வைத்தியம் இருக்கும்போது வாழ்நாள் முழுக்க சிரப் எதற்கு, பணம் சேரும்வரை பொறுக்கலாமே என்பது குடும்பத்தின் எண்ணம். டீச்சருக்குத் தன் பங்குக்கு ஒரு கேள்வி: எஸ்எம்என்2வும் எஸ்எம்என்1ம் கிட்டத்தட்ட ஒன்று, முக்கியமான வித்தியாசம் ஒரே எழுத்து, அதுவும் அமினோ அமிலத்தை மாற்றாத எழுத்து என்று படித்தாராம். "நான் வகுப்பில் இதை விளைவில்லாத மாற்றம் என்றுதான் நடத்துகிறேன். அப்படியானால் அந்த இரண்டாவது மரபணு ஏன் என் மகளைக் காப்பாற்றவில்லை?"

கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: "எனக்கு இப்போது 8 வாரம். நாலில் ஒன்றுக்குத்தான் வரும் என்கிறார்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இது தப்பித்துவிடும் என்று நம்பலாமா?"

டீச்சர், வணக்கம்.

கடைசி வரியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் கணக்கு ஓடுகிறது. இல்லை, அப்படி நம்ப முடியாது. நாலில் ஒன்று என்பது ரேஷன் கடை டோக்கன் அல்ல, ஒருவர் வாங்கிவிட்டால் அடுத்த மூவருக்கு வராமலிருக்க. ஒவ்வொரு கருவுக்கும் சீட்டுக்குலுக்கல் புதிதாக நடக்கிறது. மூத்தவளுக்கு என்ன விழுந்தது என்பது வயிற்றில் இருப்பதற்குத் தெரியாது. இந்தக் கருவுக்கும் 25 சதவீதம்தான். என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். பெரிய மருத்துவமனை ஒன்றின் மரபியல் பிரிவில் இந்த வாரமே நாள் வாங்கிவிட்டு மீதியைப் படியுங்கள்.

சரி, உங்கள் கணவரின் பயத்துக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாக விலகும்.

உங்கள் வீட்டு மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது? பீரோவிலோ, பேங்க் லாக்கரிலோ இருக்கும். கரண்ட் கனெக்‌ஷன், வரி, லோன் என்று எதற்கு அலைந்தாலும் கையில் எடுத்துப் போவது ஜெராக்ஸைத்தான். செல்லும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு புரதம் வேண்டும் என்றால், அந்த மரபணு இருக்கும் இடத்தில் மட்டும் இரட்டைச் சுருள் கொஞ்சம் பிரிகிறது. ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி அதன்மேல் ஊர்ந்துபோய், ஒரு இழையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து ஆர்என்ஏ நகல் எடுக்கிறது. நீங்கள் படியெடுத்தல் என்று போர்டில் எழுதுவது இதைத்தான். எஸ்எம்என் மரபணு சுமார் 28,000 எழுத்து நீளம். பாலிமரேஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்து போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நகல் முடிய கால் மணி நேரம் ஆகும். நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் நேரம்தான்.

அந்த 28,000 எழுத்தும் புரதத்துக்கு வேண்டியதில்லை. நகல் எடுக்க எடுக்கவே இன்ட்ரான்கள் என்ற வேண்டாத இடைத்துண்டுகள் வெட்டி வீசப்படுகின்றன, எக்ஸான்கள் ஒன்றோடொன்று ஒட்டப்படுகின்றன. மிஞ்சுவது சுமார் 1,500 எழுத்து. அதுதான் தூது ஆர்என்ஏ. அது உட்கருவை விட்டு வெளியேறி, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் வாசிக்கப்படுகிறது. 294 அமினோ அமிலங்கள் கொண்ட எஸ்எம்என் புரதம் கிடைக்கிறது. வேலை முடிந்த தூது ஆர்என்ஏ நிலைப்பதில்லை, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சிதைந்துபோகும். வேண்டுமென்றால் செல் புதிதாக இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளும்.

ரிஸ்டிப்ளாம் வேலை செய்வது இந்த வெட்டி ஒட்டும் இடத்தில், நகலின் மேல்தான். மூலப்பத்திரத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே உங்கள் மகள் வளர்ந்து பெறப்போகும் பிள்ளைக்கு இந்த மருந்தின் மாற்றம் எதுவும் போகாது. போவதற்கு எதுவும் எழுதப்படவே இல்லை. கணவரிடம் இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இதே காரணத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூலத்தைத் திருத்தாததால் ஒவ்வொரு நாளும் எடுக்கப்படும் புது நகலைப் புதிதாகத்தான் சரிசெய்ய வேண்டும். மருந்தை நிறுத்தினால் கொஞ்ச நாளில் செல் பழைய வழிக்கே போய்விடும். "வாழ்நாள் முழுக்க சிரப்பா" என்று நீங்கள் சலித்துக்கொள்வதும், "பரம்பரையை மாற்றிவிடுமோ" என்று அவர் அஞ்சுவதும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். பரம்பரையை மாற்றாது, அதனால்தான் தினமும் தேவைப்படுகிறது.

எழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறவில்லை, அப்புறம் ஏன்?

இந்தக் கேள்வியைப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு சந்தோஷம். எம்டி மாணவர்கள்கூட எப்போதாவதுதான் இதைக் கேட்பார்கள்.

எஸ்எம்என்2வின் ஏழாவது எக்ஸானில் மொத்தம் 54 எழுத்து. அதில் ஆறாவது எழுத்து, எஸ்எம்என்1ல் சி, எஸ்எம்என்2ல் டி. ஆர்என்ஏ நகலில் யுயுசி என்றிருக்க வேண்டியது யுயுயு ஆகிறது. இரண்டுமே ஃபினைல் அலனின்தான். ரைபோசோமைக் கேட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை என்றுதான் சொல்லும். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடுகிறது. தவறு என்று சொல்ல மாட்டேன், பாதி.

ஏனென்றால் அந்த நகலை வாசிப்பது ரைபோசோம் மட்டுமல்ல. அதற்கு முன்பே, உட்கருவுக்குள் வெட்டி ஒட்டும் இயந்திரம் ஒருமுறை வாசிக்கிறது. எது எக்ஸான், எது இன்ட்ரான் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? ஆர்என்ஏ மேல் வந்து உட்காரும் சில புரதங்கள்தான். சில, "இந்தத் துண்டை வைத்துக்கொள்" என்று சொல்பவை. சில, "இதைத் தாண்டிப் போ" என்பவை. ஆறாவது எழுத்து சி ஆக இருந்தால் முதல் வகை வந்து உட்கார இடம் கிடைக்கிறது. டி ஆகிவிட்டால், அதாவது நகலில் யு ஆகிவிட்டால், அந்த இடம் கெட்டு இரண்டாவது வகையின் கை ஓங்குகிறது. விளைவு, பத்து நகலில் ஏறக்குறைய ஒன்பதில் ஏழாவது எக்ஸான் மொத்தமாகத் தவறிப்போகிறது. ஆறாவது எக்ஸானை எட்டாவதோடு நேராக ஒட்டிவிடுகிறது. புரதத்தின் வாலில் வரவேண்டிய 16 அமினோ அமிலங்களுக்குப் பதிலாக வேறு நாலு வந்து உட்காருகின்றன. 294க்கு 282 வந்துவிட்டதே, போதாதா என்று தோன்றும். போதாது. அந்த வால் இல்லாத புரதத்தைச் செல் குப்பை என்று முடிவுகட்டிச் சீக்கிரமே கரைத்துவிடுகிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இரண்டாவது மரபணு உங்கள் மகளைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. காப்பி கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். பொதுவாக இரண்டு காப்பி மட்டும் உள்ள குழந்தைகள் தானாக உட்காரும் நிலைக்கே வருவதில்லை. மருந்தில்லாத காலத்தில் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூச்சுத் தசைகளும் விட்டுவிடும். உங்கள் மகள் 17 மாதத்தில் உட்கார்ந்திருப்பது அந்த மூன்று காப்பியின் கைங்கரியம்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. எஸ்எம்என் புரதத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று, அந்த வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் உதிரிப் பாகங்களைக் கோத்துக் கொடுப்பது. கத்தரி செய்கிறவனுக்கான சட்டையே கத்தரிக் கோளாறில் குட்டையாகிப்போன கதை. உடம்பின் எல்லாச் செல்லிலும் இந்தக் குறை இருந்தும், தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்புச் செல்கள்தான் முதலில் அடிபடுகின்றன. இந்தக் குழந்தைகளின் நாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும். நரம்பு அறுந்த தசை தனியே கிடந்து படும் பாடு அது. நினைவோ அறிவோ பாதிக்கப்படுவதில்லை. என் அறைக்கு வரும் குழந்தைகளில், ஸ்டெதஸ்கோப்பை யார் கழுத்தில் மாட்டுவது என்று என்னிடமே பேரம் பேசுபவர்கள் இவர்கள்தான்.

மரபணு இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது, வெட்டி ஒட்டித்தான் நகல் தயாராகிறது என்பது 1977ல் அடினோ வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களுக்குத் தனித்தனியே தெரியவந்தது. 1993ல் இருவருக்கும் நோபல் பரிசு. எஸ்எம்என் மரபணுவை 1995ல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு அடையாளம் கண்டது. ஏழாவது எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் "தாண்டிப் போ" என்று சொல்லும் 15 எழுத்துப் பகுதி ஒன்று இருப்பதை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர சிங் குழுவினர் 2006ல் வெளியிட்டார்கள். அந்த இடத்தைப் போய் மூடிக்கொள்ளும் 18 எழுத்துத் துண்டுதான் நுசினெர்சென், 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எஸ்எம்ஏ மருந்து. அதை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நாலு முறை, அப்புறம் நாலு மாதத்துக்கு ஒருமுறை. உங்களுக்குச் சொல்லப்பட்ட ரிஸ்டிப்ளாம் 2020ல் வந்தது. ஏழாவது எக்ஸான் முடிகிற விளிம்பில் அந்த இயந்திரத்தின் பிடியை அது இறுக்குகிறது. எக்ஸான் நகலிலேயே தங்கிவிடுகிறது.

இந்த மருந்து மற்ற மரபணுக்களின் நகல்களைத் தொடாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கொஞ்சம் தொடும். முழுக்க முழுக்க ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து அல்ல இது. விலங்கு ஆய்வில், நீண்ட நாள் அதிக அளவு கொடுத்த குரங்குகளுக்கு விழித்திரைப் பாதிப்பு வந்தது; மனிதர்களுக்கான அளவில் நடந்த ஆய்வுகளில் கண்ணைத் தொடர்ந்து பரிசோதித்தும் அப்படிக் காணவில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஆகியவைதான் அடிக்கடி வருபவை. மகள் பெரியவளாகிக் கருத்தரிக்கும் வயது வரும்போது, மருந்து எடுக்கும் காலத்தில் கர்ப்பம் பற்றித் தனியாக ஆலோசிக்க வேண்டும். அது கருவை மருந்து நேரடியாகப் பாதிக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. பரம்பரை மாறிவிடும் என்பதல்ல.

அத்தையின் குற்றச்சாட்டு

நம் ஊரில் 2021ல் பெரும்பாலோருக்குப் போடப்பட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டுமே எம்ஆர்என்ஏ தடுப்பூசி அல்ல. கோவாக்சின் செயலிழக்கச் செய்த வைரஸ். கோவிஷீல்டு சிம்பன்சி அடினோ வைரஸில் ஏற்றிய டிஎன்ஏ. அந்த டிஎன்ஏ உட்கரு வரை போகும், நகல் எடுக்கப்படும், ஆனால் நம் குரோமோசோமில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. எம்ஆர்என்ஏ தடுப்பூசியாகவே இருந்திருந்தாலும், அது உட்கருவுக்குள்ளேயே நுழையாத சங்கதி. அதைவிட எளிய வாதம் உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டிலும் அதே மரபணு ஒரு காப்பிதான். இரண்டு பேரின் உடம்பில், குறிவைத்தாற்போல் அதே துண்டை மட்டும் எந்தத் தடுப்பூசியும் கத்தரிக்க முடியாது. நீங்கள் இருவருமே அந்த ஒற்றைக் காப்பியோடு பிறந்தவர்கள். மகளாகிய அந்தக் கருமுட்டையோ, நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? பங்கு உண்டு, முழுக் காரணம் அல்ல. உலகில் சுமாராக 50 பேரில் ஒருவர் இந்த ஒற்றைக் காப்பிக்காரர். எனவே எந்த உறவும் இல்லாத ஜோடிகளுக்கும் இப்படிக் குழந்தை பிறக்கிறது. நான் பார்க்கும் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்களும் நிறைய. ஆனால் ஒருவரிடம் இந்தக் குறை இருந்தால், அவருடைய மாமா மகனிடமோ அத்தை மகளிடமோ அதே குறை இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. ஐம்பதில் ஒன்று எட்டில் ஒன்றாகிறது, அவ்வளவு. உங்கள் அம்மாவும் உங்கள் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள் என்பதால், அவர்களைப் பெற்ற தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடமிருந்தே இரு பக்கமும் இறங்கியிருக்கலாம். அல்லது உங்கள் கணவருக்கு அத்தை வழியாகவே வந்திருக்கலாம். அத்தையிடம் இதை வாதமாக வைக்காதீர்கள், பயனில்லை. கணவரின் தம்பி தங்கைகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால், அவர்களுக்கும் இந்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அப்போது பேச்சு "யாரால்" என்பதிலிருந்து "இனி என்ன" என்பதற்கு மாறும். என் அனுபவத்தில் மாமியார்களை அமைதிப்படுத்துவது இது ஒன்றுதான்.

சிரப்பா, 16 கோடியா

அந்த ஊசி வேறு வகை. ஏஏவி9 என்ற தீங்கில்லாத வைரஸின் கூட்டுக்குள் எஸ்எம்என் மரபணுவின் ஒரு புது நகலை வைத்து இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அதுவும் உங்கள் மகளின் மூலப்பத்திரத்தைத் திருத்துவதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு தாளைச் செருகி வைக்கிறது. நரம்புச் செல்கள் பிரிந்து பெருகாதவை என்பதால் அந்தத் தாள் அங்கே நீண்ட நாள் தங்குகிறது. 2019ல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்று அனுமதி பெற்றது. முன்கூட்டி அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஸ்டீராய்டு கொடுத்து வாரக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். நல்ல மருந்து. ஆனால் "ஒரே ஊசியில் முடிந்தது" என்று செய்தியில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மருந்தானாலும், இறந்துபோன நரம்புச் செல்லைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. இருப்பதைக் காப்பாற்றும். சிரப்பையும் ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ஊசிதான் மேல் என்று நிரூபித்த ஆய்வு இல்லை.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பயமாக இருப்பது "பணம் சேரும்வரை பொறுக்கலாம்" என்ற அந்தச் சொல். நாலு லட்சத்திலிருந்து 16 கோடிக்கு, மகளுக்கு இரண்டு வயது ஆகும் முன், ஏழு மாதத்தில் போக வேண்டும். அந்த ஏழு மாதமும் செல்கள் போய்க்கொண்டிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிரப்பை உடனே தொடங்குவேன். தொடங்கியதால் ஊசிக்கான கதவு பொதுவாக மூடிவிடுவதில்லை.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ரோஷ் நிறுவனத்தின் இந்த மருந்து ஒரு பாட்டில் சுமார் ஆறு லட்சமாக இருந்தது. நாட்கோ நிறுவனம் தயாரித்த ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவுப் பதிப்பு மீதான காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு தடை கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அது 15,900 ரூபாய் என்ற விலையில் வெளிவந்தது. ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். இரண்டு வயதுக்குள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில் 9 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 1.8, ஒரு பாட்டில் 33 நாள் வரும். இரண்டு வயது தாண்டினால் கிலோவுக்கு 0.25, அப்போது 10 கிலோ என்றால் 24 நாள். 20 கிலோ தொட்டால் நாளுக்கு 5 மில்லிகிராம், அதற்குமேல் எடை கூடினாலும் அளவு கூடாது. 12 நாளைக்கு ஒரு பாட்டில், மாதம் ஏறக்குறைய 40,000 ரூபாய். கையிலிருக்கும் நாலு லட்சத்துக்கு 25 பாட்டில், ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம் ஓடும். அளவை உங்கள் மருத்துவர் எழுதித்தர வேண்டும், நான் சொன்னது செலவுக் கணக்குக்காக மட்டும். ஒரு விஷயம்: ஊசிக்கென்று பணம் கொடுத்தவர்களிடம், சிரப்புக்குச் செலவழிக்கிறோம் என்பதை அண்ணன் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

அரசு உதவியையும் விடாதீர்கள். 2021ம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் எஸ்எம்ஏ இருக்கிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை பெற வழி உண்டு. தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். அங்கே பதிவு செய்யுங்கள். விண்ணப்பித்தால் உடனே கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள், கமிட்டி, காத்திருப்பு எல்லாம் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்தே எழுதிப்போடுங்கள்.

சிரப் தொடங்கினால் நடந்துவிடுவாளா? சத்தியமாக என்னால் சொல்ல முடியாது. இந்த வகைக் குழந்தைகளில் மருந்தின் பலன் பெரும்பாலும், இருப்பது போகாமல் நிற்பதும் அதற்குமேல் கொஞ்சம் கூடுவதும்தான். சின்ன வயதில் தொடங்கினால் அந்தக் "கொஞ்சம்" கூடுதலாக இருக்கிறது. சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரே நேரத்தில், கூடவே தரும் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பாலில் கலக்கக் கூடாது. மறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதைத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல. பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மருந்தோடு வரும் தாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இயன்முறைப் பயிற்சியும் சளி பிடிக்காமல் காப்பதும் சிரப்பு அளவுக்கே முக்கியம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், அத்தை என்ன சொன்னாலும்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியாகும் திசுவிலிருந்து ஒரு துளி எடுத்து எஸ்எம்என்1 இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைத் தவறவிட்டால் 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரில் பார்க்கலாம். கருக்கலையும் அபாயம் உண்டு, அனுபவமுள்ள கையில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மரபணு நோய்க்காக, பதிவு பெற்ற மையத்தில் இந்தச் சோதனை செய்வது சட்டப்படி சரியானதே. ஆணா பெண்ணா என்பதை மட்டும் கேட்கவும் கூடாது, சொல்லவும் மாட்டார்கள்.

நாலில் மூன்று வாய்ப்பு, நோயில்லை என்று வரும். வேறு மாதிரி வந்தால் இரண்டு வழி. கருவைக் கலைக்க முடிவெடுத்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்குமேல் நிபந்தனைகள் கூடும். சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை மட்டும்தான். கணவர் கையெழுத்து வேண்டும் என்று யாராவது சொன்னால், அது சட்டம் அல்ல, வழக்கம். தொடர முடிவெடுத்தால், பிறந்த சில நாளில், அறிகுறி தெரியும் முன்பே மருந்து தொடங்கலாம். அப்படித் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் உட்கார்ந்து, நின்று, நடந்திருக்கிறார்கள்; மூத்தவளுக்குக் கிடைக்காத அந்த ஆறு மாதம் இதற்கு முழுசாகக் கிடைக்கும். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் நீங்கள், உங்கள் கையின் பலம் உங்களுக்குத்தான் தெரியும். சோதனையே வேண்டாம், பிறந்ததும் பார்த்துக்கொள்கிறோம் என்பதும் ஒரு முடிவுதான். அப்படியானால் பிரசவம் எங்கே என்பதையும், பிறந்த அன்றே இரத்தம் எடுத்து அனுப்புவதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

8 வாரம் என்று எழுதிய கடிதம் என் கைக்கு வர ஆறு நாள் ஆகியிருக்கிறது. ஆக இப்போது கிட்டத்தட்ட 9 வாரம். மரபியல் பிரிவுக்குப் போகும்போது மகளின் ரிப்போர்ட், உங்கள் இருவரின் ரிப்போர்ட், இந்தக் கர்ப்பத்தின் முதல் ஸ்கேன் மூன்றும் கையில் இருக்கட்டும். ஒரிஜினலை வீட்டிலேயே வையுங்கள், ஜெராக்ஸ் போதும்.